மீரியபெத்தயும் நாம் கேட்காத பெயர்களும்

பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை ஏழரை மணியளவில், பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தைப் பக்கம் உள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து வந்தது. வரிசையாக இருந்த லயன் அறைகள் மண்ணுக்குள் போயின. பிள்ளைகள் பலர் அந்த நேரம் பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

அந்த நாட்களில் வானொலியும் தொலைக்காட்சியும் சொன்ன கணக்கு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். காணாமற் போனவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு 192 என்றார்கள். அதன் பின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் இறந்தவர்களையும் காணாமற் போனவர்களையும் சேர்த்து 37 என்ற கணக்கில் நின்றது.

குறைந்தது நல்லதுதானே என்று எல்லோரும் ஆறுதல்பட்டோம். நானும் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொன்னேன். ஆனால் தினமும் காலையில் இடாப்பைத் திறந்து வரவு எடுக்கும் ஓர் ஆசிரியைக்கு அந்தக் கணக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஓர் ஊரில் நேற்று இரவு யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல இந்த நாட்டில் ஒருவருக்கும் முடியவில்லையா?

தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் குழப்பத்தின் காரணம் விளங்கும். தோட்ட அலுவலகத்தில் இருப்பது செக்ரோல். வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். வேலையில் இருந்து நின்ற முதியவர், கொழும்பில் கடையொன்றில் நிற்கும் மகன், வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போன மருமகள், அவள் பாட்டியிடம் விட்டுப் போன குழந்தை, இவர்கள் யாரும் அதில் வரமாட்டார்கள். வாக்காளர் இடாப்பில் 18 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும். பாடசாலை இடாப்பில் பிள்ளைகள் மட்டும். அன்று காலை எந்தக் காம்பராவில் யார் இருந்தார், யார் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார், யார் பஸ் ஏறியிருந்தார் என்பதை எந்தக் கடதாசியும் சொல்லாது. பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் எத்தனையோ பேர் அதே மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

மலை சரிந்ததற்கு மனிதரின் மரியாதைக் குறைவு காரணம் என்று நான் சொல்லவில்லை. மழைக்கும் மண்ணுக்கும் அது தெரியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. நாங்கள் சொன்னோம், அவர்கள் போகவில்லை என்றது ஒரு தரப்பு. போவதற்கு இடம் எங்கே தந்தீர்கள் என்றது மறு தரப்பு. ஆனாலும் ஒன்றைச் சொல்லலாம். அலுவலகத்தில் இருந்து அலுவலகத்துக்குக் கடிதம் போவது ஓர் எச்சரிக்கை. ஒருவருடைய வாசலில் நின்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உட்கார்ந்து, “நீங்கள் எங்கே போவீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும்” என்று கேட்பது வேறு வகை எச்சரிக்கை. இரண்டாவது வகைக்குக் காணியும் பணமும் மட்டும் போதாது. எதிரில் இருப்பவர் ஓர் ஆள் என்ற எண்ணமும் வேண்டும். அந்த எண்ணம் ஆபத்து வந்த அன்று திடீரென்று பிறக்காது. நாளாந்தம் கடையிலும் பஸ்ஸிலும் வைத்தியசாலை வரிசையிலும் பழகியிருந்தால்தான் வரும். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் இருந்தார். கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிட வந்தால் பாடக்குறிப்பை முதலில் கேட்கமாட்டார். இடாப்பை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, “இந்த வகுப்பில் எத்தனை பேருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்?” என்று கேட்பார். எங்களுக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். கல்வி உளவியல், மதிப்பீடு, கலைத்திட்டம் என்று பெரிய பெரிய பாடங்கள் கிடக்கும்போது இதையா கேட்பது என்று பேசிக்கொள்வோம்.

முதல் நியமனம் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. வகுப்பில் பிள்ளைகள் நாற்பதுக்கு மேல். பஸ் தாமதமாகி அவசரமாக வந்து சேரும் நாட்களில் நான் இலக்கம் சொல்லித்தான் வரவு எடுப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று என்றால் பிள்ளைகளும் எழுந்து எழுந்து உட்காரும். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். போகப் போக அதுவே எல்லா நாளும் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் பரிசளிப்பு ஒன்றுக்காகப் பெயர்ப் பட்டியல் எடுக்கும்போதுதான் இடாப்பில் உள்ளபடி பெயர்களை வாசித்தேன். பதினேழாம் இலக்கப் பிள்ளை எழும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவள் இடித்த பிறகுதான் எழுந்தாள். “டீச்சர், அது என் பெயர் இல்லை” என்றாள். பிறப்புச் சான்றிதழில் பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறார்கள். பாடசாலை இடாப்பு அதைப் பார்த்து எழுதப்பட்டது. அந்தப் பிள்ளை என் வகுப்பில் இரண்டு தவணை வேறு யாரோவாக இருந்திருக்கிறாள். இலக்கத்தால் கூப்பிட்டு வந்த எனக்கு அது தெரியவே இல்லை.

தாயிடம் பேசினேன். அவருக்கு அது புதுச் செய்தி இல்லை. “எங்க எல்லாருக்கும் அப்பிடித்தான் டீச்சர்” என்றார்.

அவர் சொன்னது மிகையல்ல. மலையகத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. தோட்டத்தில் ஒரு குழந்தை பிறந்தால் அந்தச் செய்தி தோட்ட அலுவலகத்தின் வழியாகப் பதிவாளரிடம் போவதுதான் நெடுங்கால வழக்கம். தமிழில் வைத்த பெயர் ஆங்கிலத்தில் ஒருவர் கையிலும் சிங்களத்தில் இன்னொருவர் கையிலும் எழுதப்பட்டு வரும்போது எழுத்துகள் உருமாறிவிடும். தகப்பனின் பெயர் பிள்ளையின் பெயராகும். சில நேரம் ஆண் பிள்ளைக்குப் பெண் பெயரும் வந்துவிடும். சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், ஊழியர் சேமலாப நிதியில் இன்னொரு பெயர். வேலை செய்யும் காலம் வரை அது பெரிய பிரச்சினையாகத் தெரியாது. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அந்தப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் எல்லாப் பெயர்களும் எதிரில் வந்து நிற்கும். இவரும் அவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். சம்பளம் இல்லாத நாட்கள், பஸ் காசு, தரகருக்குக் காசு, பிறகு வாருங்கள் என்ற பதில். முப்பது ஆண்டு கொழுந்து பறித்த ஒரு பெண் தான் தானேதான் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைகிறார்.

இத்தனைக்கும் மூலம் என்ன? பல இடங்களில், எழுதியவர் பேனாவை நிறுத்தி, “பெயரை இன்னொருமுறை சொல்லுங்கள், சரியா என்று பாருங்கள்” என்று கேட்காதது. அரை நிமிட வேலை. சின்ன மரியாதைகள் என்று நாம் ஒதுக்கும் விடயங்களின் கனம் இவ்வளவு.

இந்த மக்களை எண்களாகவே பார்த்த வரலாறு ஒன்று இருக்கிறது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று முடிவானது. பிறகு 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். யார் அந்தப் பேர்கள் என்று அவர்களிடம் கேட்கவில்லை. எஞ்சியோருக்கும் உரிமை கிடைக்க 2003 வரை சட்டங்கள் வர வேண்டியிருந்தது. மீரியபெத்த சரிந்தது அந்த ஒப்பந்தத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைவதற்கு முதல் நாள். தற்செயல்தான். ஆனாலும் அன்றும் நாடு எண்களைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

அரசாங்கங்களைக் குறை சொல்வது இலகு. நம் கடைத்தெருவைப் பார்ப்போம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை எங்கும் நம்மவர்களின் கடைகள் இருக்கின்றன. சம்பள நாளில் தோட்டத்து மக்கள் வராவிட்டால் அந்தக் கடைகள் பல மூடப்பட வேண்டியதுதான். அவர்களை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்?

தமிழில் இதில் இருந்து தப்ப வழியில்லை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்லைப் பாவித்துத் தப்பிக்கலாம். நமது மொழியில் வாயைத் திறந்ததும் நீயா, நீங்களா என்று முடிவெடுத்தாக வேண்டும். ‘வா’ என்றாலும் ‘வாங்க’ என்றாலும் அதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. கடைக்கு வரும் வங்கிக் கிளார்க் நம் மகன் வயதில் இருந்தாலும் ‘வாங்க சேர்’. கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு நம் தாய் வயதில் ஒருவர் வந்து நின்றால் ‘என்ன வேணும், சொல்லு’. கடையில் நிற்கும் பதினைந்து வயதுப் பையனும் அப்படியே பேசுகிறான். அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பார்த்துப் பழகினான். அவர் காசைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க, பின்னால் வந்தவருக்கு முதலில் சாமான் போகும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லாதது சம்மதம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. அதை வீட்டில் பிள்ளைகள் முன்னால் பகிடியாகச் சொல்லும் படித்தவர்களை எனக்குத் தெரியும். பட்டப்பெயர் வைத்து ஒருவரையொருவர் அழைப்பதை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். அந்த வசனத்தை நமக்குள் மட்டும் பொருந்துவதாகச் சுருக்கிக்கொண்டோமோ என்னவோ.

வீட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் விடயம் இன்னும் கசப்பானது. சில வீடுகளில் அந்தப் பிள்ளைக்குப் பெயர் ‘ஏய் புள்ள’. பிளேன் டீ குடிக்க அவளுக்கென்று காது உடைந்த கோப்பை ஒன்று தனியாக இருக்கும். உணவில் குறை வைக்கமாட்டோம், பெருநாளைக்கு உடுப்பும் எடுத்துக் கொடுப்போம். கோப்பையை மட்டும் மாற்றமாட்டோம். அவள் ஊருக்குப் போய் நினைவில் வைத்திருப்பது உடுப்பையா, கோப்பையையா?

இதை எழுதும் தைரியம் எனக்கு 2019இல் வந்தது. ஏப்ரல் 21இல் நடந்த குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, அபாயா அணிந்து பஸ்ஸில் ஏறுவது எப்படி இருந்தது என்பதை நமது சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கைப்பையைத் திறந்து காட்டியதெல்லாம் பரவாயில்லை, அது சட்டம். நாம் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் எழுந்து முன்னால் போய் நின்றாரே, அதுதான் நெஞ்சில் நின்றது. அடிக்கவில்லை, ஏசவில்லை. எழும்பிப் போனார், அவ்வளவுதான். பாடசாலை மீண்டும் தொடங்கிய வாரம் அது. அந்தப் பஸ்ஸில் நான் தனியாக இரண்டு பேர் உட்காரும் ஆசனத்தில் இருந்தேன். நெரிசல் இருந்தும் யாரும் உட்காரவில்லை. சந்தி ஒன்றில் தோட்டத்துப் பெண் ஒருவர் ஏறினார். தலையில் இருந்த பையை இறக்கி, என் காலடியில் வைத்து, “கொஞ்சம் தள்ளிக்குங்க டீச்சர்” என்று சொல்லி உட்கார்ந்தார். பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று நான் கேட்டேன், அவர் சொன்னார். மழையைப் பற்றிப் பேசினோம். இறங்கும்போது “வர்றேங்க” என்றார்.

அவர் என் பாடசாலைப் பிள்ளை ஒன்றின் தாய் என்று பிறகு அறிந்தேன். என்னை அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு அவரைத் தெரியவில்லை. அன்று முழுவதும் வெட்கமாக இருந்தது. அந்த மாதங்களில் எத்தனையோ பெரிய மனிதர்கள் நல்லிணக்க மேடைகளில் பேசினார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது காலடியில் வைத்த அந்தப் பைதான்.

நபி (ஸல்) அவர்களுடைய காலத்தில் மஸ்ஜிதைக் கூட்டித் துப்புரவு செய்யும் ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். சில நாள் அவரைக் காணவில்லை. எங்கே என்று நபியவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்றார்கள் தோழர்கள். அதை நபியவர்களுக்கு அறிவிக்கும் அளவுக்குப் பெரிய விடயமாக அவர்கள் கருதியிருக்கவில்லை. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டு, கப்றைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இந்தச் சம்பவத்தை ஜனாஸாத் தொழுகையின் சட்டத்துக்கு ஆதாரமாகவே நாம் அதிகம் படித்திருக்கிறோம். எனக்கு அதில் முதலில் தெரிவது அந்த விசாரிப்பு. ஓர் ஆட்சியின் தலைவருக்கு, கூட்டுகின்ற பெண் இன்று வரவில்லை என்பது கண்ணில் பட்டிருக்கிறது. அவர் வரும் நாட்களில் அவரைப் பார்த்திருந்தால்தானே வராத நாளில் தெரியும்.

நமது பள்ளிவாசலைத் துப்புரவு செய்பவர், நகரசபைக் குப்பை வண்டியில் வருபவர், சந்தியில் கீரை விற்கும் அம்மா, இவர்களில் யார் ஒரு வாரம் வராவிட்டால் நாம் விசாரிப்போம்? என் பிள்ளைகளிடம் கேட்டேன். கீரை அம்மாவின் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

உதவி செய்யும்போதும் இந்த மரியாதை தவறிவிடுகிறது. மீரியபெத்தவில் இருந்து தப்பியவர்கள் முதலில் கொஸ்லந்தையிலும் பூணாகலையிலும் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். பலர் பிறகு மக்கல்தெனியவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நீண்ட காலம் இருந்தார்கள். 2016 ஒக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள். நாடெங்கிலும் இருந்து உணவும் உடுப்பும் போனது, எல்லாச் சமூகத்தவரும் கொடுத்தார்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அதற்குப் பிறகு வந்த வெள்ளங்களிலும் மண்சரிவுகளிலும் நம் இளைஞர்கள் முன்னால் நிற்பது பெருமைக்குரியது. ஆனால் ஒரு பொதியைக் கொடுக்கும்போது வாங்குபவரைக் கெமராவைப் பார்க்கச் சொல்கிறோமே, அதை நிறுத்தலாம். நேற்று வரை சொந்த அடுப்பில் சமைத்தவர் இன்று கையேந்தி நிற்கும் முகத்தை முகநூலில் போட அவரிடம் அனுமதி கேட்பதில்லை. கிழிந்த, பொத்தான் இல்லாத உடுப்பைப் பொதியில் இருந்து எடுத்துவிடுவதும் மரியாதைதான். பெண்களுக்குத் தேவையானவற்றைப் பெண்கள் கையால் கொடுப்பதும் அப்படியே.

கடிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லயன் அறைக்குத் தனி முகவரி இல்லாததால் தோட்டத்து மக்களின் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே மொத்தமாகப் போய்ச் சேரும் நிலை பல இடங்களில் உண்டு. அங்கிருந்து அது உரியவர் கைக்கு வர நாட்கள் எடுக்கும், சில வேளை வராமலே போகும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு அந்தத் திகதி கடந்த பிறகு கிடைத்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். தனி முகவரி கொடுப்பது அரசின் வேலை. அதுவரை, கடிதத்தைக் கண்டவர் அந்தப் பக்கம் போகும் ஒருவரிடம் சொல்லி அனுப்பினாலே போதும். அதற்கும் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

போன வருடம் என் மாமாவின் கடையில் உட்கார்ந்திருந்தபோது கடன் கொப்பியைப் புரட்டினேன். ‘3ஆம் லயம் கிழவி’, ‘மேல் கணக்குக் கட்டையன்’, ‘கோயிலடி அக்கா’ என்று பக்கம் பக்கமாக இருந்தது. பெயர் எழுதினால் என்ன மாமா என்றேன். “எனக்கு ஆளைத் தெரியும், பெயர் எதற்கு?” என்றார். நீங்கள் இல்லாத நாளில் மகன் இந்தக் கொப்பியை எப்படி வாசிப்பான் என்று கேட்டதும் யோசித்தார். வியாபாரி அல்லவா, அந்தக் கணக்கு விளங்கியது.

சற்று நேரத்தில் மூன்றாம் லயத்து அம்மாவே வந்தார். முப்பது வருடமாகக் கடைக்கு வருகிறவர். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்து, “உங்கட பெயர் என்னம்மா?” என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. முகம் மாறிவிட்டது. “இந்தச் சம்பளத்தில பாதி தந்திர்றேன் மொதலாளி, எழுதிக் குடுத்திறாதீங்க” என்றார். பெயரை இதுவரை அவரிடம் கேட்டவர்கள் எதற்காகக் கேட்டிருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கும் மாமாவுக்கும் உறைத்தது.

“அதுக்கில்லம்மா, அதுக்கில்ல” என்று சொல்லி மாமா அவரை உள்ளே இருந்த வாங்கில் உட்காரச் சொன்னார். பையனைக் கூப்பிட்டுப் பிளேன் டீ கொண்டுவரச் சொன்னார். பாதி டீ குடித்த பிறகுதான் அவர் பெயரைச் சொன்னார். மாமா எழுதியதை நான் வாசித்துக் காட்டினேன். ஓர் எழுத்து பிழையாக இருந்தது. அவரே திருத்தினார்.